ஹாதார்னின் ‘இருமுறை சொன்ன கதைகள்’: எங்கே தொடங்கி எப்படி வாசிப்பது

இந்தப் புத்தகத்தை முதல்முறை கையில் எடுத்தபோது நான் செய்த தப்பு, முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியதுதான். முதல் கதையில் பாஸ்டன் தெருவில் கவர்னரின் படையை மறித்து ஒரு வெண்தாடிக் கிழவர் நிற்கிறார். அவர் யார், கவர்னர் யார், கூட்டத்துக்கு என்ன கோபம், எதுவும் பிடிபடவில்லை. இரண்டாவதில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எதிரே இருக்கும் தேவாலயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் கதை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுபடி எடுக்கச் சில வருஷம் ஆனது. இரண்டாம் முறை நடுவில் எங்கோ திறந்தேன். ‘வேக்ஃபீல்ட்’ கண்ணில் பட்டது. அப்புறம் விடவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் நத்தேனியல் ஹாதார்னின் ‘ட்வைஸ்-டோல்ட் டேல்ஸ்’ சிறுகதைத் தொகுப்பை ஆங்கிலத்தில் வாசிக்க நினைத்து, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கும் உதவலாம், ஆனால் அது என் நோக்கம் இல்லை.

முதலில், சரியான பதிப்பு

1837இல் பாஸ்டனில் வெளியான முதல் பதிப்பில் 18 கதைகள்தான். 1842இல் இரண்டு தொகுதிகளாக விரிந்தபோது மொத்தம் 39 ஆனது. 1851இல் வந்த பதிப்புக்கு ஹாதார்ன் ஒரு முன்னுரை எழுதினார். உங்களுக்கு வேண்டியது 39 கதைகளும் அந்த முன்னுரையும் உள்ள பதிப்பு. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஹாதார்ன் என்றதும் பலர் சொல்லும் ‘யங் குட்மேன் பிரௌன்’ இந்தத் தொகுப்பில் கிடையாது. அது 1846இல் வந்த ‘மோசஸ் ஃப்ரம் ஆன் ஓல்ட் மேன்ஸ்’ தொகுப்பில் இருக்கிறது. ‘தி பர்த்மார்க்’, ‘ரப்பச்சீனிஸ் டாட்டர்’ இரண்டும் அதில்தான். முதலில் இதை முடியுங்கள், அதற்குப் பிறகு அங்கே போகலாம்.

தலைப்பு ஷேக்ஸ்பியரின் ‘கிங் ஜான்’ நாடகத்திலிருந்து வந்தது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் காதில் இரண்டாம் முறை சொல்லப்படும் கதைபோல வாழ்க்கை அலுப்பூட்டுகிறது என்று அங்கே ஒரு பாத்திரம் சொல்கிறது. இந்தக் கதைகள் எல்லாம் முன்பே பத்திரிகைகளிலும் ஆண்டு மலர்களிலும் வந்தவை. இரண்டாம் முறை சொல்கிறேன், அலுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியரே அட்டையில் சொல்லிவிடுகிறார். இந்த அடக்கத்தை முழுசாக நம்ப வேண்டாம்.

பின்னணி: கொஞ்சம் போதும்

ஹாதார்ன் 1804 ஜூலை 4 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் ஊரில் பிறந்தவர். 1692இல் அந்தச் சேலத்தில்தான் சூனியக்காரிகள் என்று குற்றம்சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். குற்றம்சாட்டப்பட்டவர்களை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர் ஜான் ஹாதார்ன், இவருடைய தாத்தாவின் தாத்தா. நமது ஆள் தன் குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஒரு ‘டபிள்யூ’வைச் சேர்த்துக்கொண்டார். அந்த முன்னோரிடமிருந்து விலகவே இதைச் செய்தார் என்று பலர் சொல்வார்கள். அது ஊகம். ஆனால் பரம்பரைப் பழி என்ற எண்ணம் அவரை விடவில்லை என்பதைக் கதைகளே காட்டும்.

அவருக்கு நாலு வயது ஆகும் முன்பே, கப்பல் தலைவரான அப்பா சுரினாமில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். கல்லூரி முடித்து 1825இல் ஊர் திரும்பியவர், அம்மா வீட்டு மாடி அறையில் சுமார் 12 வருஷம் எழுதிக்கொண்டே இருந்தார். கதைகள் பெரும்பாலும் பெயர் இல்லாமலே வெளிவந்தன. தொகுப்பாகப் போடப் பதிப்பாளர் தயங்கியபோது, கல்லூரி நண்பர் ஹொரேஷியோ பிரிட்ஜ் நஷ்டம் வந்தால் 250 டாலர் வரை தான் ஏற்பதாக ரகசியமாக உத்தரவாதம் கொடுத்தார். ஹாதார்னுக்கு அது அப்போது தெரியாது. புத்தகம் வந்ததும் அதே கல்லூரியில் உடன் படித்த கவிஞர் லாங்ஃபெலோ மனம் திறந்து பாராட்டி மதிப்புரை எழுதினார். நண்பர்கள் இல்லையென்றால் இந்தப் புத்தகம் இல்லை.

இங்கிலாந்திலிருந்து வந்து இந்தப் பகுதியில் குடியேறிய கண்டிப்பான கிறிஸ்தவர்களான பியூரிட்டன்கள் பற்றி ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். அவர்கள் சமூகத்தில் பாவம் தனிமனித விவகாரம் அல்ல, ஊர் விவகாரம். சபை நடுவே நிறுத்துவார்கள், சாட்டையால் அடிப்பார்கள், கால்களைக் கட்டையில் மாட்டித் தெருவில் உட்கார வைப்பார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடினால்கூட அபராதம் என்று 1659இல் சட்டமே போட்டார்கள். ஒருவர் மனசுக்குள் இருப்பதை எல்லாரும் எட்டிப் பார்க்கும் ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் முகத்தை மூடிக்கொண்டால் என்ன ஆகும்? அந்தக் கதைக்குக் கொஞ்ச நேரத்தில் வருவோம்.

முன்னுரையில் ஒரு வரி

1851 முன்னுரையில் ஹாதார்ன் தன் புத்தகத்தைத் தானே மதிப்பிடுகிறார். இவை நிழலில் பூத்த வெளிறிய பூக்கள் என்கிறார். பிறகு இதை எப்படி வாசிப்பது என்றும் சொல்கிறார்: எழுதப்பட்ட அதே பழுப்பு நிற அந்தி வெளிச்சத்தில் படித்தால்தான் ஏதாவது தெரியும். நல்ல வெயிலில் திறந்தால் வெற்றுத் தாள்போலத் தோன்றும்.

நான் இதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரு கதை, சாயங்காலம், ஒரே அமர்வில். பெரும்பாலான கதைகள் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பஸ்ஸில், வரிசையில் நிற்கும்போது, நடுவில் போனைப் பார்த்துக்கொண்டு படித்தால் இவை நிஜமாகவே வெற்றுத் தாள்தான்.

இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் ‘இக்கதையால் அறியும் நீதி யாது?’ என்று கேட்டுக் கேட்டு நமக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. உருவகக் கதை என்றதும் இது எதைக் குறிக்கிறது, அது எதைக் குறிக்கிறது என்று பட்டியல் போடத் தொடங்கிவிடுவோம். ஹாதார்னிடம் அது எடுபடாது. அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள்: ஒவ்வொரு கதையிலும் நடுவில் ஒரு பொருள் இருக்கும், ஒரு துணி, ஒரு சிரிப்பு, ஒரு ரோஜா. அந்தப் பொருளின் அர்த்தத்தைத் தேடாமல், அது சுற்றியிருப்பவர்களை என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். கையில் பென்சில் இருக்கட்டும். அந்தப் பொருள் வரும் இடமெல்லாம் ஓரத்தில் ஒரு கோடு.

முதல் சாயங்காலம்: வேக்ஃபீல்ட்

இதில் வரலாறு கிடையாது, போதகர் கிடையாது, அமெரிக்காவே கிடையாது. லண்டனில் ஒருவர், ஊருக்குப் போய்வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவில் அறை எடுத்துத் தங்குகிறார். 20 வருஷம். ஏன் என்று அவருக்கே தெரியாது. பிறகு ஒருநாள் வீட்டுக்குள் நுழைகிறார், ஏதோ நேற்றுப் போனவர்போல.

நான் முடிவைச் சொல்லிக் கெடுத்துவிட்டேன் என்று கோபப்பட வேண்டாம். ஹாதார்ன் முதல் பத்தியிலேயே முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார். ஏதோ பழைய பத்திரிகையில் படித்த ஞாபகம் என்று தொடங்கி, வாருங்கள், இந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று சேர்ந்து யோசிப்போம் என்று நம்மையும் கூட்டிக்கொள்கிறார். அடுத்து என்ன என்ற பரபரப்பை வேண்டுமென்றே கழற்றி வைத்துவிட்டு எழுதிய கதை இது.

பென்சில் கோடு போட வேண்டியது அந்தச் சிரிப்புக்கு. கதவைச் சாத்திவிட்டுப் போனவர் மறுபடி லேசாகத் திறந்து, இடைவெளியில் மனைவியைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறைகிறார். அந்த நேரம் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஊரே அவரைச் செத்தவராக நினைத்த பிறகும் அவளுக்கு அந்தச் சிரிப்பு வந்துகொண்டே இருக்கிறது. சவப்பெட்டிக்குள் அவரை நினைத்துப் பார்த்தால் அங்கேயும் அதே சிரிப்பு. அதனாலேயே தான் விதவைதானா என்று அவளுக்குச் சந்தேகம். கடைசியில் வீட்டுப் படியேறும்போது அவர் முகத்தில் மறுபடி அதே சிரிப்பு. சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் ஒரு கட்டுரை கிடைக்கும். அது அவளை 20 வருஷம் என்ன செய்தது என்று கேட்டால்தான் அந்த வீடு கண்ணில் தெரியும்.

அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் 1949இல் ஹாதார்னைப் பற்றிப் பேசியபோது அதிகம் கொண்டாடியது இந்தக் கதையைத்தான். படித்தால் காரணம் விளங்கும்.

இரண்டாவது: ‘தி ஆம்பிஷஸ் கெஸ்ட்’

1826 ஆகஸ்டில் நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில், க்ராஃபோர்ட் கணவாயில், ஒரு பெரிய மண்சரிவு. அங்கே குடியிருந்த வில்லி குடும்பம் வீட்டை விட்டு ஓடியது. சரிவு வீட்டுக்குப் பின்னால் இரண்டாகப் பிரிந்து வீட்டைத் தொடாமல் போனது. ஓடியவர்கள் அத்தனை பேரும் செத்தார்கள். ஹாதார்ன் 1832இல் அந்தப் பக்கம் பயணம் போயிருக்கிறார்.

இந்த நிஜச் சம்பவத்துக்குள் அவர் கற்பனையாக ஒரே ஒரு ஆளை நுழைக்கிறார். இரவு தங்க வரும் இளைஞன். அவனுக்கு ஒரே ஆசை: செத்த பிறகு உலகம் தன்னை நினைவில் வைத்திருக்க வேண்டும். இன்னும் எதையும் சாதிக்கவில்லை, ஆனால் சாதிப்பான். கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து அவன் பேசப் பேச, அந்த ஆசை வீட்டில் எல்லாருக்கும் தொற்றுகிறது. பாட்டிக்கும் ஒரு ஆசை. தன்னைச் சவப்பெட்டியில் கிடத்திய பிறகு யாராவது முகத்துக்கு மேலே ஒரு கண்ணாடியைப் பிடிக்க வேண்டும், தலைத்துணி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள. சிரிப்பதா அழுவதா தெரியாத இடம். கதையின் கனம் முழுக்க இந்தப் பாட்டியிடம்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

மறுநாள் காலை அந்த வீட்டின் புகைபோக்கியில் இன்னும் புகை வந்துகொண்டிருக்கிறது. அந்த இரவில் அங்கே ஒரு விருந்தாளி இருந்தானா என்பதுகூட ஊருக்கு உறுதியாகத் தெரியாது. கணவர் ஒரு இடத்தில் எஸ்தர் என்று கூப்பிடும் அம்மாவைத் தவிர, இந்தக் கதையில் யாருக்கும் பெயர் கிடையாது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

மூன்றாவது: கறுப்பு முகத்திரை. இதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்

‘தி மினிஸ்டர்ஸ் பிளாக் வெயில்’. தொகுப்பில் ஒரே ஒரு கதைதான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும்.

முதலில் சில சொற்கள். ‘மீட்டிங்-ஹவுஸ்’ என்றால் பியூரிட்டன் தேவாலயம். ‘செக்ஸ்டன்’ நம்மூர்ச் சபைகளில் கோயில்பிள்ளை. மணியடிப்பவர், குழி வெட்ட ஏற்பாடு செய்பவர். ‘குட்மேன்’ ஆள் பெயர் இல்லை, சாதாரணக் குடும்பத்து ஆணைக் குறிக்கும் மரியாதைச் சொல். ‘க்ரேப்’ என்பது துக்கத்துக்குப் போடும் மெல்லிய கறுப்புத் துணி.

மில்ஃபோர்ட் ஊர்ப் போதகர் ஹூப்பர், முப்பது வயது இருக்கும், சாதுவானவர். ஒரு ஞாயிறு காலை நெற்றியில் கட்டிய கறுப்புத் துணியோடு ஆராதனைக்கு வருகிறார். வாயும் தாடையும் தவிர முகம் தெரியவில்லை. அவர் மூச்சு விடும்போது துணி அசைகிறது. பைபிள் வாசிக்கும்போது அவருக்கும் பக்கத்துக்கும் நடுவில் அது தொங்குகிறது. அவ்வளவுதான் நடந்தது. சாகும்வரை அவர் அதைக் கழற்றவில்லை. ஏன் என்று சொல்லவும் இல்லை.

முதல் நாள், நேராக ஓட்டிப் படித்துவிடுங்கள். இரண்டாம் நாள் பென்சிலோடு வாருங்கள். துணியைப் பற்றி யார் என்ன சொல்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று குறியுங்கள். ஒரு கிழவி, முகத்தை மறைத்ததாலேயே அவர் பயங்கரமாக மாறிவிட்டார் என்கிறாள். டாக்டரின் மனைவிக்கு ஆச்சரியம்: எந்தப் பெண்ணும் தொப்பியில் போடக்கூடிய சாதாரணத் துணி இவர் முகத்தில் எப்படி இப்படி ஆகிறது? வாராவாரம் அவரைச் சாப்பிடக் கூப்பிடும் பெரிய மனிதர் சாண்டர்ஸ் அன்றைக்குக் கூப்பிட ‘மறந்துவிடுகிறார்’. விஷயத்தைக் கேட்டு வரச் சபையிலிருந்து ஒரு குழு போகிறது. போய் அவர் எதிரே உட்கார்ந்து, கேட்காமலே திரும்பி வருகிறது. ஒரு பயல் விளையாட்டாகத் தன் முகத்தைக் கறுப்புக் கைக்குட்டையால் மூடி, கூட இருந்த பிள்ளைகளை மிரளவைத்துக் கடைசியில் தானே மிரண்டு போகிறான்.

ஊரையே பிடித்த அந்தப் பயத்தில் சிக்காதவள் ஒருத்திதான், அவருக்கு நிச்சயிக்கப்பட்ட எலிசபெத். எனக்குப் பிடித்த முகத்தை மறைக்கிறது என்பதைத் தவிர இந்தத் துணியில் பயப்பட ஒன்றுமில்லை என்கிறாள். சாதாரணமாகப் பேசுகிறாள், கேட்கிறாள், கெஞ்சுகிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே, இருட்டு திடீரென்று கவிவதுபோல, அவளுக்கும் அந்தப் பயம் வந்துவிடுகிறது. அந்தப் பத்தியை மெதுவாகப் படியுங்கள். துணி மாறவில்லை. அவர் மாறவில்லை. என்ன மாறியது?

இன்னொரு நுணுக்கம், ஹாதார்னின் எல்லாக் கதைகளுக்கும் சாவி இது. அன்று மாலை ஒரு இளம்பெண்ணின் சவ அடக்கம். போதகர் சவப்பெட்டிமேல் குனிகிறார், துணி முன்னால் தொங்குகிறது, பிணம் முகத்தைப் பார்த்துவிடுமோ என்பதுபோல அவசரமாக அதைப் பிடிக்கிறார். அந்தக் கணம் பிணம் சிலிர்த்ததாம். யார் பார்த்தது? மூடநம்பிக்கை உள்ள ஒரு கிழவி மட்டும். ஊர்வலத்தில் போகும் இருவருக்கு, போதகரும் அந்தப் பெண்ணின் ஆவியும் கைகோத்து நடப்பதாக ஒரு தோற்றம். ஒருவருக்கு அல்ல, இருவருக்கும், ஒரே நேரத்தில். ஆனாலும் வெறும் தோற்றம். இப்படி ‘சொல்வார்கள்’, ‘தோன்றியதாம்’, ‘ஒருவேளை’ என்று அதிசயத்தைக் கொடுத்த கையாலேயே ஹாதார்ன் திரும்ப வாங்கிக்கொள்வார். அந்தச் சொற்கள் வரும் இடத்தில் எல்லாம் வட்டம் போடுங்கள். பத்துப் பக்கத்தில் எத்தனை வட்டம் விழுகிறது என்று பார்த்து நான் அசந்துபோனேன்.

எட்கர் ஆலன் போ 1842இல் எழுதிய மதிப்புரையில், செத்த பெண்ணோடு தொடர்புடைய ஏதோ கொடிய குற்றத்தைப் போதகர் செய்திருக்கிறார், அதுவே நிஜ விஷயம் என்றார். துப்பறியும் கதைகள் எழுதியவரின் மூளை. அந்த வாசிப்புக்குக் கதையில் இடம் இருக்கிறது, ஆனால் ஆதாரம் இல்லை. அடிக்குறிப்பில் ஹாதார்னே ஒரு நிஜப் போதகரைச் சொல்கிறார்: மெயின் பகுதியின் யார்க் ஊரைச் சேர்ந்த ஜோசப் மூடி, சின்ன வயதில் தவறுதலாக நண்பனைக் கொன்றுவிட்டு முகத்தை மூடிக்கொண்டவர். அவருடைய காரணம் வேறு, என் கதையின் காரணம் வேறு என்றும் சேர்த்துவிடுகிறார். மறுபடியும் கொடுத்துத் திரும்ப வாங்கல்.

மரணப் படுக்கைக் காட்சியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

அப்புறம் ஒரு லகுவான வாரம்

‘டாக்டர் ஹைடெக்கர்ஸ் எக்ஸ்பெரிமென்ட்’: நாலு கிழடுகள், ஒரு புட்டி இளமைத் தண்ணீர், 55 வருஷத்துக்கு முந்தைய காய்ந்த ரோஜா. குடித்து இளமை திரும்பியதும் மூன்று ஆண்களும் அந்த ஒரு பெண்ணுக்காக அடித்துக்கொள்கிறார்கள். அறையில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதில் அப்போது என்ன தெரிந்ததாம் என்ற வாக்கியத்தைத் தவறவிடாதீர்கள், அங்கேயும் ஒரு ‘சொல்வார்கள்’ இருக்கும். ‘டேவிட் ஸ்வான்’ ஐந்தாறு பக்கம். ஒரு பையன் மரநிழலில் தூங்குகிறான், பணமும் காதலும் சாவும் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன, அவனுக்குத் தெரியாது. ‘மிஸ்டர் ஹிகின்பாதம்ஸ் கடாஸ்ட்ரஃபி’ ஒரு புகையிலை வியாபாரி ஊர் ஊராக வதந்தியைச் சுமந்து போகும் வேடிக்கைக் கதை. ஹாதார்னுக்குச் சிரிக்கத் தெரியாது என்பவர்களுக்கு நான் இதைத்தான் கொடுப்பேன்.

ஊர்க் குடிநீர்ப் பம்பு தன் வாயால் பேசும் கட்டுரை, பனித்துகள்கள் பற்றிய கட்டுரை, மணிக்கூண்டிலிருந்து பார்த்த காட்சி, ‘லிட்டில் ஆனிஸ் ராம்பிள்’ மாதிரியானவற்றை முதல் சுற்றில் தாராளமாகத் தாண்டலாம். அந்தக் காலத்தில் இவைதான் பிரபலம். காலம் அவற்றைக் கொஞ்சம் வெளிறச் செய்துவிட்டது.

கடைசியாக வரலாற்றுக் கதைகள்

இவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு துணுக்குத் தகவல் தேவை. ‘தி கிரே சாம்பியன்’: 1689 ஏப்ரல், கவர்னர் ஆண்ட்ரோஸுக்கு எதிராக பாஸ்டன் கிளர்ந்த நேரம். ‘தி மே-போல் ஆஃப் மெரி மவுன்ட்’: கம்பம் நட்டு ஆடிப்பாடிய ஒரு குடியேற்றத்தை எண்டிகாட் என்ற பியூரிட்டன் தலைவர் வெட்டிச் சாய்த்த கதை. ஆட்டக்காரர்கள் பக்கமா, கோடரிக்காரர் பக்கமா என்று ஹாதார்ன் கடைசிவரை முழுசாகச் சாயமாட்டார். ‘தி ஜென்டில் பாய்’ 1659இல், பியூரிட்டன்கள் வெறுத்த வேறொரு கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களைத் தூக்கிலிட்ட பின் அனாதையாக நிற்கும் ஒரு சிறுவனின் கதை. கொஞ்சம் நீளம், கொஞ்சம் கண்ணீர். குவேக்கர்களைத் துன்புறுத்தியதிலும் ஹாதார்னின் முன்னோருக்குப் பங்கு உண்டு என்பதோடு சேர்த்துப் படித்தால் வேறு மாதிரி இருக்கும்.

உருவகம் அலுத்துவிட்டது என்று இடையில் தோன்றினால், நீங்கள் தனியாள் இல்லை. முதலில் பாராட்டிய அதே போ, 1847இல் மனம் மாறி, உருவகக் கதைக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றுமே இல்லை என்று எழுதினார். கண்ணுக்குத் தெரியும் மை ஒரு புட்டி வாங்குங்கள் என்று ஹாதார்னுக்குப் புத்திமதியும் சொன்னார். ஒரு வாரம் விட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள்.

திரும்பி வந்ததும் ‘எண்டிகாட் அண்ட் தி ரெட் கிராஸ்’. கதை, 1634இல் ஆங்கிலக் கொடியிலிருந்த சிலுவையை எண்டிகாட் வாளால் கிழித்ததைப் பற்றியது. அதை விடுங்கள். தொடக்கத்தில் சேலம் மைதானத்தில் தண்டனை அனுபவிப்பவர்களை வரிசையாகக் காட்டும் பத்தியைத் தேடுங்கள். கட்டையில் கால் மாட்டியவர்கள், காது அறுபட்டவர்கள் நடுவே ஒரு இளம்பெண் நிற்கிறாள். பெயர் இல்லை. உடையின் மார்பில் ‘ஏ’ என்ற எழுத்தைக் குத்திக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்கு விதித்த தண்டனை. அவள் அதைச் சிவப்புத் துணியில் வெட்டி, தங்க நூலால் அவ்வளவு நுணுக்கமாகப் பூவேலை செய்திருக்கிறாள், ‘அட்மிரபிள்’ என்ற சொல்லின் முதலெழுத்து என்றுகூட நினைக்கலாமாம். சில வாக்கியங்கள்தான், கதை அவளைத் தாண்டிப் போய்விடுகிறது. ஹாதார்னால் போக முடியவில்லை. 1850இல் அவருடைய ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவல் வந்தபோது அவளுக்கு ஹெஸ்டர் பிரின் என்று ஒரு பெயர் இருந்தது.